இரண்டு மாதத் தொட்டியைக் கலைக்காதீர்கள்

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. 60 செ.மீ. மீன் தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது. கழுவிய மணல் போட்டு அனுபியாஸ், கிரிப்டோகோரைன், ரோட்டாலா, கொஞ்சம் வாலிஸ்நேரியா நட்டீர்கள். மூன்றாம் நாளே பன்னிரண்டு நியான் டெட்ரா மீன் விட்டீர்கள். பத்து நாளில் ஒன்பது செத்துவிட்டன. விளக்கு தினமும் 12 மணி நேரம் எரிகிறது. வாரம் ஒருமுறை தண்ணீர் முழுவதையும் மாற்றி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவுகிறீர்கள். இத்தனைக்குப் பிறகும் கிரிப்டோகோரைன் கரைந்து போயிற்று, அனுபியாஸ் இலை ஓரத்தில் கறுப்பு முடி முளைத்திருக்கிறது, கண்ணாடி முழுக்கப் பழுப்புப் படலம். செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கட்டுமா, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கட்டுமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். இப்போது தொட்டியைக் கலைத்தால் அது வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைப்பது. உங்கள் உழைப்பில் குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் கை அதிகமாக வேலை செய்திருக்கிறது. விளக்கு அளவுக்கு மீறி எரிகிறது, சுத்தம் அளவுக்கு மீறி நடக்கிறது. இந்த இரண்டையும் குறைத்தாலே பாதித் தொல்லை தானாக அடங்கும்.

முதலில் மீன்களைப் பற்றி. அவை ஏன் செத்தன என்பது தெரியாமல் மேற்கொண்டு எதுவும் பேச முடியாது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சிய உணவும் அழுகும் இலையும் அதையே விடும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பேக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் மணலிலும் ஒட்டி வளர வேண்டும். இவை மெதுவாகப் பெருகும் ஜாதி. சாதாரண பேக்டீரியாக்களில் சில 20 நிமிடத்தில் இரட்டிக்கும், இவற்றுக்கு அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். அதனால்தான் ஒரு புதுத் தொட்டி நிலைக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கிறது. மூன்றாம் நாள் உங்கள் ஸ்பாஞ்சில் சொல்லும்படியாக எதுவும் இருந்திருக்காது.

அம்மோனியா எவ்வளவு விஷம் என்பது பி.எச்., அதாவது தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் அளவைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால், மொத்த அம்மோனியாவில் சுமார் 200-ல் ஒரு பங்குதான் செவுளைச் சுடும் வடிவில் இருக்கும். மீதி அம்மோனியமாக, ஓரளவு சாதுவாக இருக்கும். அதே தண்ணீர் பி.எச். 8 ஆனால் ஏறக்குறைய 20-ல் ஒரு பங்கு விஷமாகிவிடும். ஒரே அளவு அம்மோனியா ஒருவர் தொட்டியில் மீனை வாட்டாமல் விட்டு, இன்னொருவர் தொட்டியில் கொன்றுபோடுவது இதனால்தான். அடுத்து வரும் நைட்ரைட் வேறு வகையில் கொல்லும். அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுத்து இரத்தத்தையே பழுப்பாக்கிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் மீனால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் மீன்கள் சாகுமுன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின என்றீர்களே, இந்த இரண்டில் ஒன்றுதான் அது. நியான் டெட்ரா இதைத் தாங்கும் மீனும் இல்லை, பழகிய தொட்டியில்தான் அது நிலைக்கும்.

அதன் பிறகு வாரா வாரம் நடந்த கழுவலில் ஸ்பாஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறிய பேக்டீரியாவும் போயிற்று. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதே பேக்டீரியாவைக் கொல்லத்தான். ஸ்பாஞ்சைக் கழுவக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, அதில் இரண்டு முறை அழுத்தி எடுங்கள். வாளித் தண்ணீர் சேறாகும், ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கும். இருக்கட்டும். தண்ணீர் தடையில்லாமல் போகிறதா என்பது மட்டும்தான் கணக்கு. ஓட்டம் குறையும்போது மட்டும் செய்தால் போதும், மாதம் ஒருமுறை அமையலாம்.

மிஞ்சிய மூன்று மீன்களுக்கு இன்றைக்கே செய்ய வேண்டியது: சொட்டு மருந்து விடும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பாருங்கள். முதல் இரண்டில் எது லிட்டருக்கு 0.25 மில்லிகிராமைத் தாண்டினாலும் அன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மூன்று மீனுக்கு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை உணவு போதும், அதையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து பூஜ்யத்தில் நின்று நைட்ரேட் ஏறிக்கொண்டு போனால் பேக்டீரியா வேலைக்கு வந்துவிட்டது என்று பொருள். இடையில் தண்ணீர் அரிசி களைந்தது போல வெள்ளையாகக் கலங்கலாம். அது வேறு வகை பேக்டீரியா தண்ணீரில் மிதந்து பெருகுவது. சில நாளில் தெளியும், அதற்காகத் தொட்டியைக் காலி செய்ய வேண்டாம்.

இனி விளக்கு. செடித் தொட்டியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: செடிக்கு எவ்வளவு பசிக்கும் என்பதை வெளிச்சம்தான் தீர்மானிக்கிறது. வெளிச்சம் கூடக் கூடச் செடி கார்பன் (அதாவது கார்பன் டை ஆக்சைடு) கேட்கும், நைட்ரஜன் கேட்கும், பொட்டாசியம் கேட்கும், இரும்பு கேட்கும். கேட்டது கிடைக்காவிட்டால் இலை நலியும். நலிந்த இலைதான் பாசிக்குப் படுக்கை. உங்கள் தொட்டியில் சத்தில்லாத மணல், கார்பன் காற்றிலிருந்து கரைவது மட்டும். அதுவும் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் தேறினால் அதிகம். இந்தச் சாப்பாட்டுக்கு 12 மணி நேர வேலை வாங்குகிறீர்கள்.

இன்றே ஒரு டைமர் மாட்டி 6 மணி நேரமாகக் குறையுங்கள். நீங்கள் வீட்டில் இருந்து பார்க்கும் நேரமாகவே வைத்துக்கொள்ளலாம், மாலை 4 முதல் 10 வரை என்பது போல. தினமும் ஒரே நேரம் என்பது முக்கியம், அதற்குத்தான் டைமர். விளக்கில் வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் பாதிக்கு இறக்குங்கள். ஜன்னல் வெயில் நேராக விழுகிறதா என்றும் பாருங்கள். இரண்டு மாதம் நல்லபடியாகப் போன பிறகு 7 மணி, தேவைப்பட்டால் 8. அதற்கு மேல் போக எனக்கு ஒருபோதும் அவசியம் வந்ததில்லை.

கிரிப்டோகோரைன் கரைந்ததற்கு நீங்கள் வருத்தப்பட வேண்டாம். நாற்றங்கால்களில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலை காற்றுக்காகச் செய்யப்பட்ட இலை, தடிப்பாக இருக்கும். தண்ணீருக்குள் வந்ததும் அது பயன்படாமல், செடி அதைக் கைவிட்டு மெல்லிய புது இலை விடும். நான் முதன்முதலில் நட்ட கிரிப்டோகோரைன் ஒரே வாரத்தில் நனைந்த காகிதம் போலக் கண்ணாடியாகி, விரல் பட்டதும் கூழாகப் பிரிந்தது. செத்துவிட்டது என்று பிடுங்கப் போனபோது வேர் மணலை இறுகப் பிடித்திருந்தது, இழுத்தால் வரவில்லை. அப்படியே விட்டேன். சரியாக மூன்றாம் வாரம், மணல் மட்டத்தில் அரிசி முனை அளவுக்கு ஒரு சிவந்த குருத்து. மறுநாள் அது சுருள் பிரிந்து ஊசி போல் நின்றது. ஆறு மாதத்தில் அந்த மூலை முழுக்க அதுதான். உங்கள் செடியின் அழுகிய இலைகளை மட்டும் கத்தரித்து வெளியே எடுங்கள். வேரைத் தொடாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். அந்தச் செடி அதை வெறுக்கும்.

அழுகிய இலையை எடுப்பது அலங்காரத்துக்காக இல்லை. ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாவையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஒன்றாக வைத்து, செடியும் மீனும் ஒன்றை ஒன்று தாங்குமா என்று பார்த்தார். 1850-ல் அந்த முடிவுகளை வெளியிட்டார். செடி நன்றாக வளர்ந்தது, ஆனால் பழைய இலைகள் அழுகித் தண்ணீரைக் கெடுத்தன. குளத்து நத்தைகளை விட்ட பிறகே அது நிலைக்கு வந்தது. நத்தையைப் பார்த்தாலே பயப்படும் நண்பர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு. செடியோடு ஒட்டிக்கொண்டு வரும் சின்ன நத்தைகள் அழுகலையும் மிஞ்சிய உணவையும்தான் தின்னும், நல்ல இலையை விட்டுவிடும். அவை கூட்டமாகப் பெருகினால் நீங்கள் உணவு அதிகம் போடுகிறீர்கள் என்று பொருள்.

அனுபியாஸை மணலுக்குள் புதைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதன் இஞ்சி போன்ற தடித்த தண்டு மணலுக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லையென்றால் அழுகிவிடும். ஒரு கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டி நிழலான இடத்தில் வையுங்கள். ஜாவா ஃபெர்ன் வாங்கினால் அதற்கும் இதே விதி.

அதன் இலை ஓரத்துக் கறுப்பு முடிதான் பலரைத் தொட்டியையே தூக்கிப்போட வைப்பது. பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் இது சிவப்புப் பாசிக் குடும்பம். பிடுங்கி ஆல்கஹாலில் போட்டால் செம்மை தெரியும். மெதுவாக வளரும் இலை, அதிக வெளிச்சம், நாளுக்கு நாள் ஏறி இறங்கும் கார்பன் அளவு, அழுக்கு சேர்ந்த தண்ணீர், இவை கூடும் இடத்தில் இது பிடிக்கும். மோசமாகப் பிடித்த இலைகளை அடியோடு வெட்டிவிடுங்கள், மிச்ச இலைகள் புதிதாகத் துளிர்க்கும். கல்லிலும் மரத்திலும் ஒட்டியிருந்தால் ஃபில்டரை நிறுத்திவிட்டு, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊசியில்லா சிரிஞ்சில் எடுத்து அந்த இடத்தின் மீது மெல்ல விடுங்கள். உங்கள் தொட்டி 60-க்கு 30-க்கு 36 என்றால் மணலும் கல்லும் போக 50 லிட்டர் சுமாராக இருக்கும். ஒரு நாளைக்கு மொத்தம் 10 மில்லிக்கு மேல் வேண்டாம். பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போட்டுவிடுங்கள். மாஸ் வகைச் செடிகள் மீதும் வாலிஸ்நேரியா மீதும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் முடி சாம்பலாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறினால் செத்துவிட்டது. காரணம் தீராமல் இதை மட்டும் செய்தால் ஒரு மாதத்தில் திரும்ப வரும்.

கண்ணாடியில் உள்ள பழுப்புப் படலம் டயாட்டம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டிகளில் பெரும்பாலும் வரும், தானாகப் போகும். துடைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

சிலிண்டர் கேள்விக்கு வருகிறேன். அனுபியாஸ், கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா மூன்றும் கார்பன் சேர்க்காமலே வளரும். ரோட்டாலாவிலும் பச்சை வகை சமாளிக்கும். சிவப்பு வகைகள் இந்த வெளிச்சத்தில் பச்சையாகவே நிற்கும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். சிலிண்டர் போட்டால் வளர்ச்சி பாய்ந்து வரும் என்பது உண்மைதான். மாலை ஆனதும் ஒவ்வொரு இலையிலிருந்தும் முத்துச் சரம் போல ஆக்சிஜன் குமிழ் எழும் காட்சி அலுக்கவே அலுக்காது. ஆனால் அது மற்ற எல்லாத் தவறுகளையும் வேகப்படுத்தும் கருவி. உரம் ஒரு வாரம் தவறினால் உடனே தெரியும். லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் நிறுத்தத் தெரிய வேண்டும், அதற்கு மேல் போனால் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். வண்ணம் மாறும் திரவம் வைத்த சிறு கண்ணாடிக் குமிழ் பச்சையாக இருந்தால் சரி, மஞ்சளானால் ஆபத்து. அதுவும் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதித்துத்தான் நிறம் காட்டும். ஒரு வருடம் இப்படியே வளர்த்துப் பாருங்கள். பிறகும் ஆசை இருந்தால் விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடும் சோலினாய்டு வால்வோடு (மின்சாரத்தில் இயங்கும் அடைப்பான்) சேர்த்து வாங்குங்கள். இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும், அப்போது வாயு விடக் கூடாது.

திரவ கார்பன் என்ற பெயரில் பாட்டிலில் விற்பது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு. மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் பொருள் அது. பாசியைக் கொல்லும், வாலிஸ்நேரியாவையும் கரைத்துவிடும். நீங்கள் அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

காசே இல்லாமல் கிடைக்கும் ஒரு கார்பன் உதவி உண்டு, நீரோட்டம். வாயுக்கள் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். இலையைச் சுற்றி நகராத ஒரு மெல்லிய நீர்ப்படலம் ஒட்டியிருக்கும், அதைத் தாண்டித்தான் கார்பன் உள்ளே போக வேண்டும். ஃபில்டரின் வாயை, தொட்டியின் மறுகோடியில் உள்ள இலைகளும் லேசாக அசையும்படி திருப்பி வையுங்கள். மேற்பரப்பு மெல்ல நெளிய வேண்டும், அப்போது எண்ணெய்ப் படலம் போல எதுவும் மேலே தேங்காது, இரவுக்கு ஆக்சிஜனும் கிடைக்கும்.

உரம் போட்டால் பாசி வரும் என்ற பயம் உங்களுக்கும் இருப்பதாகத் தெரிகிறது. பட்டினி கிடக்கும் செடிதான் பாசியை வரவழைக்கும். மூன்று மீனின் கழிவு ஒரு தொட்டிச் செடிக்குக் காணாது. கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா இவற்றின் வேருக்கு அருகே உர மாத்திரை ஒன்றை மணலுக்குள் ஆழமாகச் செருகி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். மற்றவற்றுக்கு நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாசியம், இரும்பு எல்லாம் கலந்த திரவ உரம், லேபிளில் சொன்ன அளவில் பாதி, வாரம் ஒருமுறை. எது குறைகிறது என்பதை இலையே சொல்லும். நைட்ரஜன் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை உறிஞ்சிப் புது இலைக்கு அனுப்பும், அதனால் அடி இலைகள் மஞ்சளாகும். நீங்கள் அனுப்பிய விவரப்படி உங்கள் ரோட்டாலாவில் நடப்பது இதுதான். இரும்பை அப்படி நகர்த்த முடியாது, ஆகவே இரும்புக் குறை குருத்தில் தெரியும்: நரம்பு பச்சை, இடைப்பகுதி வெளிறியிருக்கும். பழைய இலையில் ஊசி குத்தியது போல ஓட்டைகள் வந்தால் பொட்டாசியத்தைச் சந்தேகியுங்கள்.

கூடவே வேகமாக வளரும் செடி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹார்ன்வோர்ட்டை மிதக்க விட்டாலே போதும். சால்வீனியா போன்ற மிதவைகளும் நல்லவை, அவை கார்பனை நேராகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால் தண்ணீரில் உள்ள அம்மோனியத்தை ஆவலாக இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூட விடாமல் வாரம் ஒரு கைப்பிடி அள்ளி எறியுங்கள். பேக்டீரியா தயாராகும் வரை உங்கள் மூன்று மீனுக்கும் இதுதான் காவல்.

தண்ணீர் மாற்றுவது வாரம் மூன்றில் ஒரு பங்கு. முழுத் தண்ணீரையும் இனி ஒருபோதும் மாற்றாதீர்கள். வெப்பம், கடினத்தன்மை, பி.எச். எல்லாம் ஒரே நாளில் புரள்வதை மீனும் தாங்காது, கிரிப்டோகோரைனும் தாங்காது. புதுத் தண்ணீரின் சூடு கையால் தொட்டுப் பார்த்தால் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். குளோரின் மட்டும் என்றால் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீர் அப்படி மாறாது, அதற்குக் குளோரின் நீக்கி மருந்து கட்டாயம். எது கலந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதவரை மருந்தை ஊற்றிவிடுவதே நல்லது. மணலைக் கிளறாமல் மேலே படிந்த கசடை மட்டும் குழாயால் உறிஞ்சுங்கள்.

ஒரு வாரத்தில் ஒரே மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கைக் குறைத்த அதே நாளில் உரத்தையும் கூட்டி, செடியையும் இடம் மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாது. விளக்கு முதலில், ஹார்ன்வோர்ட் கிடைத்ததும் அது, அடுத்த வாரம் உரம். பழைய இலைகள் தேறாது, அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். புதிதாக வரும் இலை சுத்தமாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

புது மீன் இப்போது வேண்டாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மூன்று வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகு ஐந்தாறு நியான் டெட்ரா வாங்கி, முடிந்தால் வேறொரு சிறு தொட்டியில் இரண்டு வாரம் வைத்திருந்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகு சேருங்கள். கூட்டமாக வாழும் மீன் என்பதால் மிஞ்சிய மூன்றும் அப்போது நிறம் கூடி முன்னே நீந்தும். அமானோ இறால் கேட்டிருந்தீர்கள், பாசி மேய அது அருமையானது, ஆனால் கடைசியில் விடுங்கள். அம்மோனியாவை அது மீனைவிடக் குறைவாகவே தாங்கும், தாமிரம் உள்ள மீன் மருந்து எதுவும் தொட்டியில் பட்டிருக்கவும் கூடாது. குஞ்சுகளுக்கு உப்பு கலந்த நீர் தேவைப்படுவதால் தொட்டியில் பெருகாது. நாலைந்து போதும். விடும் நாளில் மூடியில் ஃபில்டர் குழாய் நுழையும் இடைவெளியையும் ஸ்பாஞ்சால் அடைத்துவிடுங்கள், முதல் இரண்டு மூன்று இரவுகளில் அவை அதன் வழியாகத்தான் ஏறி வெளியே வரப் பார்க்கும்.